பெட்டையா சேவலா: கோழிக்குஞ்சில் பால் அறியும் வழிகள்

முட்டையிலிருந்து வெளிவந்த முதல் நாளில் சேவல் குஞ்சும் பெட்டைக் குஞ்சும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கொண்டை நெற்றியின்மேல் மெல்லிய கோடாக மட்டும் தெரியும். கையில் எடுத்துப் பார்த்தாலும் கீச்சுக்குரலைக் கேட்டாலும் வேறுபாடு புலப்படாது. வளர வளரத்தான் கொண்டை, இறகு, கால், குரல் என அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு வயது உண்டு. எல்லா இனத்துக்கும் அது ஒரே மாதிரி பொருந்துவதும் இல்லை. வயதையும் இனத்தையும் விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் பார்ப்பதால்தான் கொல்லையில் கோழி வளர்ப்பவர்களின் கணிப்பு அடிக்கடி தவறுகிறது.

பால் அறிய வேண்டிய தேவை வெறும் ஆர்வத்தால் வருவதல்ல. முட்டைக்காக நாலைந்து பெட்டை வளர்க்க நினைப்பவர், சந்தையில் வாங்கிய குஞ்சுகளுக்கு மூன்று மாதம் தவிடும் கம்பும் போட்டு வளர்த்த பிறகு, பாதிக்கு மேல் சேவல் என்று தெரிந்தால் செலவும் காலமும் போனதுதான். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். குறுகிய இடத்தில் சேவல் கூடினால் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தும். ஓயாமல் மிதிபட்டுப் பெட்டைகளின் முதுகு இறகும் உதிரும். பாதிக்குப் பாதி வந்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. பத்துக் குஞ்சு பொரித்த அடைகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஒரு பால் ஏழோ அதற்கு மேலோ இருக்கும் என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு.

மனிதரில் குழந்தையின் பாலைத் தந்தையின் விந்தணு தீர்மானிக்கிறது. பறவைகளில் அதைத் தீர்மானிப்பது தாய். சேவலின் உயிரணுக்களில் இசட் எனப்படும் பால் குரோமோசோம் இரண்டு இருக்கும். பெட்டையில் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் இருக்கும். சேவலின் விந்தணு எல்லாமே இசட்டைத்தான் சுமக்கும் என்பதால், கோழியின் கருமுட்டை இசட்டைக் கொண்டிருந்தால் சேவலும் டபிள்யூவைக் கொண்டிருந்தால் பெட்டையும் பிறக்கும். இசட்டில் உள்ள டிஎம்ஆர்டி1 என்ற மரபணு இரண்டு படிகளாக இருக்கும்போது கருவில் விந்தகம் உருவாகிறது. ஒரே படியாக இருக்கும்போது சூலகம் உருவாகிறது. இந்த முடிவு மிக முன்னதாகவே நடந்துவிடுகிறது. வெள்ளைக்கருவோ ஓடோ சேராத மஞ்சள் கரு சூலகத்தை விட்டு நழுவும் நேரத்திலேயே எந்தக் குரோமோசோம் உள்ளே நிற்கும் என்பது நிலைத்துவிடும். அதற்குப் பிறகுதான் கருப்பாதையில் வெள்ளைக்கரு சேர்ந்து, ஏறத்தாழ 20 மணி நேரம் செலவிட்டு ஓடு படிகிறது.

ஆகவே முட்டையின் வடிவத்தைக் கொண்டு குஞ்சின் பாலைச் சொல்ல முடியாது. இந்த நம்பிக்கை பழையது, பல நாடுகளில் உள்ளது. நீண்டு கூர்மையான முட்டையில் பெட்டையும் உருண்டையானதில் சேவலும் இருக்கும் என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதினார். ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லாவோ சேவல் வேண்டுமானால் நீண்டு கூர்த்த முட்டையை அடைவைக்கச் சொன்னார். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு விதிகளும் நூற்றாண்டுகளாகப் பின்பற்றப்பட்டன. எதைச் சொன்னாலும் பாதி முறை பலிக்கும் என்பதே அதற்குக் காரணம். நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைமேல் ஆடவிடுவது, குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அது தலையைத் தூக்குகிறதா என்று பார்ப்பது போன்றவையும் இதே வகைதான். முதலையிலும் பல ஆமை இனங்களிலும் அடைகாக்கும் வெப்பம் குஞ்சின் பாலைத் தீர்மானிக்கும். கோழியில் அப்படி இல்லை. அடைப்பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் கரு சாகுமே ஒழியப் பெட்டை கூடாது.

பொரித்த முதல் நாளிலேயே பாலை உறுதியாக அறியும் வழியை உலகுக்குத் தந்தது ஜப்பான். கியோஷி மசூயியும் அவருடன் உழைத்த ஆய்வாளர்களும் 1920களில் குஞ்சின் எச்சத் துவாரத்தின் உட்புறத்தை நுணுகி ஆராய்ந்தனர். துவாரத்தை மெல்ல விரித்தால் உள்விளிம்பில் சேவல் குஞ்சுக்குக் கடுகினும் சிறிய, பளபளப்பான உருண்டை மேடு ஒன்று தெரியும். பெட்டையில் அது தட்டையாகவோ மங்கிய கூம்பாகவோ இருக்கும். இந்த முறையை மசூயி குழுவினர் 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் அறிவித்தார்கள். 1930களில் ஜப்பானில் பயின்ற வல்லுநர்கள் வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அழைக்கப்பட்டார்கள். தேர்ந்த ஒருவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார். நூற்றுக்கு 98 சரியாக இருக்கும்.

இந்தத் திறனை அடைவது எளிதல்ல. எல்லாக் குஞ்சுக்கும் மேடு ஒரே மாதிரி இருப்பதில்லை. சில பெட்டைகளுக்கும் சிறிய மேடு உண்டு, சில சேவல்களுக்கு அது அமுங்கியே இருக்கும். வல்லுநரின் கண் எதைப் பார்க்கிறது என்பதை இர்விங் பீடர்மன், மேகி ஷிஃப்ரார் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் ஆராய்ந்தார்கள். கடினமான மாதிரிகளின் படங்களைப் பழக்கமில்லாதவர்களிடம் கொடுத்தபோது சுமார் 60 விழுக்காடுதான் சரியாக இருந்தது. மேட்டின் வளைவு வெளிப்புறம் பிதுங்குகிறதா தட்டையாக இருக்கிறதா என்று எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பதை ஒரே பக்க விளக்கத்தில் சொன்னதும் அது சுமார் 84 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அவை படங்கள். உயிருள்ள குஞ்சைப் பிடித்து, எச்சத்தை வெளியேற்றி, துவாரத்தைக் காயமின்றி விரிப்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். பொரித்த புதிதில் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் பை இருக்கிறது. பழகாத விரல் அழுத்தினால் அது உடைந்து குஞ்சு சாகக்கூடும். வீட்டில் இதைச் செய்து பார்ப்பது தகாது. முதல் நாள் கடந்தால் வல்லுநருக்கே வேறுபாடு மங்கிவிடும்.

பண்ணைகளில் அதைவிட எளிதாகச் செய்யப்படுவது சிறகைப் பார்ப்பது. குஞ்சின் சிறகை விசிறிபோல விரித்தால் இரண்டு வரிசை இறகுமுளைகள் தெரியும். கீழ்வரிசை பின்னாளில் பறப்பதற்கான பெரிய இறகுகளாகும். மேல்வரிசை அவற்றின் அடியை மூடும் சிற்றிறகுகள். கீழ்வரிசை மேல்வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சம நீளமாகவோ கீழ்வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல். பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு எல்லாக் குஞ்சுக்கும் இறகு வளர்ந்து வேறுபாடு மறைந்துவிடும்.

இந்த அடையாளம் கொல்லைக்கோழிகளிடம் பெரும்பாலும் பலிக்காது. இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது; வேகமாக முளைப்பதைவிட அது வலுவானது. தாய்க்கோழி மெதுவாக இறகு முளைக்கும் வகையாகவும் தந்தைச் சேவல் வேகமாக முளைக்கும் வகையாகவும் இருக்கும்படி பண்ணையில் இணைசேர்க்கிறார்கள். தாயின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும் என்பதால் சேவல் குஞ்சுகள் எல்லாம் மெதுவாக இறகு முளைப்பவை ஆகின்றன. மகளுக்குத் தந்தையின் இசட் மட்டுமே கிடைப்பதால் அவற்றின் இறகு வேகமாக முளைக்கிறது. பெற்றோர் இருவரும் ஒரே வகையாக இருந்தால் எல்லாக் குஞ்சின் சிறகும் ஒன்றுபோல இருக்கும். கலப்பாக மேயும் நாட்டுக்கோழியின் குஞ்சுச் சிறகை விரித்துப் பார்த்து உறுதியாகச் சொல்வது வெறும் ஊகமே.

குஞ்சின் நிறத்தைக் கொண்டு பால் பிரிப்பதும் இதே மரபுவழியில்தான் நடக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வெண்ணிற லைட் சசெக்ஸ் கோழியையும் சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகள் தந்தையைப் போலப் பழுப்புச் சிவப்பாகவும் சேவல் குஞ்சுகள் தாயைப் போல வெளிர் மஞ்சளாகவும் பிறக்கும். அதே சேவலை உடலெங்கும் வரியோடிய பிளிமத் ராக் கோழியுடன் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் கருப்பாகப் பிறக்கும். சேவல் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டனில் தீவனம் தட்டுப்பட்டபோது, தேவையற்ற சேவல் குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட இந்த வழியைப் பரிந்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட். அவரும் மைக்கேல் பீஸும் 1929இல் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதில் தலைமுறைதோறும் புதிதாகக் கலக்கவேண்டிய தேவையே இல்லை. சேவல் குஞ்சுகளின் பஞ்சு எப்போதும் பெட்டைகளைவிட வெளிர்ந்திருக்கும். சாதாரணக் கலப்பில் பிறந்த கோழிகளையோ தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நிறம் எந்தச் சேதியும் சொல்லாது. நாட்டுக்கோழிக் குஞ்சு கருப்பு, செம்பு, வரி என எந்த நிறத்தில் பிறந்தாலும் பாலுக்கும் அதற்கும் தொடர்பு காண்பது பெரும்பாலும் பயனற்றது.

பண்ணையில் பால் பிரிப்பதன் மறுபக்கம் வேதனையானது. முட்டைக்கென வளர்க்கும் இனத்தின் சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழியின் வேகத்தில் சதையும் பிடிக்காது. உலகெங்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடிச் சேவல் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி இதை 2022 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. பொரிக்குமுன்பே முட்டைக்குள் பாலை அறிய, ஓட்டில் நுண்துளையிட்டுக் கருவின் திரவத்தில் பெண் ஹார்மோனைத் தேடும் முறையும், ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி வளரும் இறகின் நிறத்தைப் படிக்கும் முறையும் அங்கே பயன்பாட்டுக்கு வந்துள்ளன. தமிழ்நாட்டில் இந்தச் சேவல் குஞ்சுகளில் ஒரு பகுதி இன்னொரு வழியில் போகிறது. இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் பூசப்பட்டுத் தெருவிலும் திருவிழாவிலும் விற்கப்படும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைப் பண்ணைகள் ஒதுக்கிய சேவல்களே. பெட்டையாக வளர்ந்து முட்டையிடும் என்று எதிர்பார்த்து அவற்றை வாங்கக் கூடாது. பிள்ளைகளின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கவும் கூடாது. அந்த வயதில் அவற்றுக்கு வேண்டியது சூடும் தண்ணீரும்தான்.

கொல்லையில் வளர்ப்பவருக்குப் பயன்படும் அடையாளங்கள் மூன்றாம் வாரத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. முதலில் பேசுவது கொண்டை. ஒரே அடையில் பிறந்த குஞ்சுகளை ஒன்றாக நிறுத்திப் பார்த்தால், நாலு முதல் ஆறு வாரத்துக்குள் சிலவற்றின் கொண்டை அகன்று, தடித்து, இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். அலகின் கீழே தாடியும் சிவப்பாகத் துளிர்க்கும். அவை சேவல். பெட்டைகளின் கொண்டை அப்போதும் மஞ்சளாகவோ வெளிறியோ தாழ்ந்தே இருக்கும். எட்டாம் வாரத்தில் தெளிவான சிவப்புக் கொண்டையோடு நிற்கும் குஞ்சு பெரும்பாலும் சேவல் என்று கொள்ளலாம். இங்கே ஒப்பீடுதான் முக்கியம். வெவ்வேறு வயதுக் குஞ்சுகளையோ வெவ்வேறு இனங்களையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் ஏமாறும். சந்தையில் தனியாகக் கூடையில் இருக்கும் ஒரே குஞ்சைப் பார்த்துப் பால் சொல்வது ஆறாம் வாரத்துக்கு முன் யாருக்கும் கடினம்.

இறகு முளைக்கும் விதமும் இந்த வயதில் கைகொடுக்கும். பெட்டைகள் முதுகிலும் தோளிலும் சீராக இறகு மூடி, சிறிய ஒழுங்கான வாலோடு நேர்த்தியாகத் தெரியும். சேவல்கள் முதுகு வெறித்து, தோளில் பஞ்சு திட்டுத் திட்டாக நின்று, வால் மொட்டையாக அலங்கோலமாக இருக்கும். சேவலின் கால் தடித்தும் உயர்ந்தும் இருக்கும், பாதம் பெரிது. நின்றால் நெஞ்சை நிமிர்த்தும். ஆளைக் கண்டால் பெட்டைகள் பதுங்கி ஓடும்போது சேவல் கழுத்தை நீட்டி நின்று பார்ப்பதும் உண்டு. ஆனால் நடத்தையைத் தனித்து நம்பக் கூடாது. நெஞ்சோடு நெஞ்சு மோதி விளையாட்டுச் சண்டை போடுவதைப் பெட்டைக் குஞ்சுகளும் செய்யும்; ஒரு கூட்டத்தில் எது முந்தி எது பிந்தி என்று வரிசை ஏற்படுத்திக்கொள்வது இரு பாலுக்கும் பொது.

இனம் இங்கேதான் குழப்பம் விளைவிக்கிறது. சண்டைக்கு வளர்க்கும் அசில் வகையில் கொண்டை தலையோடு ஒட்டிய சிறிய மேடாக இருக்கும். சேவல் வளர்ப்போர் அதைப் பூ என்றே குறிப்பிடுவார்கள். அசில் சேவலுக்கும் பெட்டைக்கும் அது இளம்வயதில் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் கொண்டையை நம்பாமல் கால் தடிமன், நிற்கும் நிலை, பின்னர் வரும் இறகு ஆகியவற்றையே பார்க்க வேண்டும். பெருவிடை வகைகள் மெதுவாக வளர்வதால் எட்டாம் வாரத்தில் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டாம் வாரத்தில்தான் சொல்ல முடியும். கடக்நாத் கருங்கோழிக்குக் கொண்டையே கருத்திருக்கும், ஆகவே சிவப்பைத் தேடிப் பயனில்லை. கொண்டை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் தடயம். வெள்ளை லெக்ஹார்ன் பெட்டைக்கோ இயல்பாகவே கொண்டை பெரிது. அதைக் கண்டு சேவல் என்று விற்றுவிட்டால் நல்ல முட்டைக்கோழி ஒன்று கைவிட்டுப் போகும்.

பத்து முதல் பதினாலு வாரத்துக்குள் வரும் அடையாளம் ஏறக்குறைய எல்லா இனத்திலும் மிக நம்பத்தக்கது. வாலுக்குச் சற்று முன்னால், முதுகின் பின்பகுதியில் இருபுறமும் வழியும் இறகுகளைக் கவனிக்க வேண்டும். சேவலுக்கு அவை ஒடுங்கி, நீண்டு, முனை கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பெட்டைக்கு அதே இடத்தில் இறகு அகலமாக, முனை வட்டமாக, மற்ற உடல் இறகைப் போலவே இருக்கும். கழுத்து இறகிலும் இந்த வேறுபாடு உண்டு, ஆனால் பெட்டையின் கழுத்திறகும் ஓரளவு கூர்மையாகத் தோன்றுவதால் கழுத்தைவிட முதுகின் பின்பகுதியைப் பார்ப்பதே பிழையற்றது. கழுத்தில் இறகே இல்லாத வகைக்கும் இது பொருந்தும். ஓரிரு கூர்முனை இறகு அங்கே மின்னிவிட்டால் அது சேவல் என்று தயங்காமல் சொல்லலாம். அடுத்து வாலில் வளைந்து தொங்கும் நீண்ட இறகுகள் வரும். ஆண் இறகுக்கும் பெண் இறகுக்கும் வேறுபாடு தராத இனமும் உண்டு. இங்கிலாந்தின் குட்டை இனமான செப்ரைட்டில் சேவலும் பெட்டையைப் போன்ற வட்ட இறகோடுதான் இருக்கும். அத்தகைய இனம் நம் ஊர்க் கொல்லையில் காண அரிது.

கூவுவது உறுதியான சான்று. சில சேவல் இரண்டு மாதத்திலேயே கரகரத்த குரலில் முயன்று பார்க்கும். பல, நாலு மாதம் வரை வாய் திறக்காது. கூட்டத்தில் மூத்த சேவல் ஒன்று இருந்தால் இளையது அதற்கு அஞ்சிக் கூவாமலே காலம் கடத்தும். கூவவில்லை என்பதற்காகப் பெட்டை என்று முடிவுகட்டக் கூடாது. காலில் முளைக்கும் முள் அதைவிட மோசமான சான்று. இளம் சேவலில் அது வெறும் புடைப்பு. நன்றாக நீள மாதங்கள் ஆகும். வயதான பெட்டைகள் பலவற்றுக்கும் முள் வளரும்.

பெட்டைக்குத் தனியாக அடையாளம் வரும் பருவம் அது வெடைக்கோழியாகும் காலம். வெளிறியிருந்த கொண்டை முட்டையிடுவதற்குச் சில வாரம் முன்பு சட்டென்று பெருத்துச் சிவக்கும். இந்தத் தாமதமான சிவப்பைக் கண்டு சேவலோ என்று மருளத் தேவையில்லை. சேவல் அந்த நிலையை மாதங்களுக்கு முன்பே கடந்திருக்கும். பெட்டையின் முதுகருகே கையைக் கொண்டுபோனால் அது சிறகைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். எச்சத் துவாரத்தின் இருபுறமும் விரலால் தடவினால் தெரியும் கூர்மையான இரு இடுப்பெலும்பு முனைகள், முட்டைக்கு வராத கோழியில் ஒட்டி நிற்கும். முட்டையிடும் கோழியில் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு விலகியிருக்கும். பண்ணை இனம் ஐந்து மாத அளவிலும் நாட்டுக்கோழி பெரும்பாலும் ஆறு ஏழு மாதத்திலும் முதல் முட்டையிடும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. பிடுங்கிய இறகின் அடியிலோ ஒரு சொட்டு இரத்தத்திலோ டபிள்யூ குரோமோசோம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். வயதும் இனமும் இதற்குத் தடையில்லை. விலையுயர்ந்த அசில் குஞ்சை வாங்குபவருக்கு அது பொருந்தும். கொல்லைக்கு வாங்கும் பத்துக் குஞ்சுக்குப் பொருந்தாது. அங்கே ஆறாம் வாரத்தில் கொண்டையைப் பார்த்து, சேவல் என்று தோன்றுபவற்றின் காலில் நிற நூல் கட்டிவைத்து, பன்னிரண்டாம் வாரத்தில் முதுகிறகைப் பார்த்துச் சரிபார்ப்பதே போதுமானது.

பல ஆண்டு முட்டையிட்ட கோழி ஒன்று திடீரென்று சேவலைப் போல இறகு மாறி, கூவவும் தொடங்குவதுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதை அபசகுனமாக எண்ணி அந்தக் கோழியை அறுத்துவிடுவார்கள். காரணம் உடலியல். கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான். அதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் இறகைப் பெட்டையின் வடிவில் வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் கோழி இனத்தின் இறகு இயல்பாகவே சேவலின் வடிவத்தை எடுக்கும். விதை நீக்கப்பட்ட சேவல் தன் நீண்ட பளபளப்பான இறகை இழக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். கட்டியாலோ நோயாலோ அந்தச் சூலகம் கெட்டால் கோழிக்குச் சேவல் இறகு வரும், கொண்டை பெருக்கும், முள்ளும் நீளும். முட்டையிடுவது நின்றுவிடும். அதன் உயிரணுக்களில் இருப்பது அப்போதும் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும்தான்.